வீட்டு வைஃபைக்கு ஓர் இலவச வடிகட்டி

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். "ரொம்ப டெக்னிக்கலாகப் போய்விடாதீர்கள்" என்று ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார். அந்தக் கவலையே அவருக்கு வேண்டாம். நான் படித்தது பி.காம். வேலை பார்த்தது வங்கிக் கவுன்டரில், 34 வருடம். கம்ப்யூட்டர் வந்தபோது நடுத்தர வயதில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட தலைமுறை. எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் சொல்லப் போகிறேன். எனக்குப் புரிந்தால் உங்களுக்கும் புரியும்.

விஷயம் என்னவென்றால், கிளப் ஹவுஸ் மாடியில் பிள்ளைகள் படிக்க ஒரு ரீடிங் ரூம் திறந்தோம். சங்கத்தின் பெயரில் வைஃபை போட்டோம். பாஸ்வேர்டைச் சுவரிலேயே ஒட்டியும் வைத்தோம். போன கமிட்டிக் கூட்டத்தில் அதைப் பற்றி இரண்டு கருத்து வந்தது. பிள்ளைகள் கண்டதையும் பார்க்கிறார்கள், அந்தக் கனெக்‌ஷனையே எடுத்துவிடுங்கள் என்று ஒரு தரப்பு. கனெக்‌ஷன் இருக்கட்டும், யார் என்ன பார்க்கிறார்கள் என்று லிஸ்ட் எடுத்துப் பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்று இன்னொரு தரப்பு. இரண்டுக்கும் நான் கையைத் தூக்கவில்லை. எடுத்துவிட்டால், வீட்டில் நெட் வசதி குறைவாக உள்ள பிள்ளைகள், ஆன்லைன் மாக் டெஸ்ட் எழுதுகிற பிள்ளைகள் எங்கே போவார்கள்? லிஸ்ட் எடுப்பது பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

இது நமக்கு மட்டும் வந்த கேள்வி கிடையாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இதே விஷயமாக ஒரு பொதுநல வழக்கு நடந்தது. இணைய இணைப்பு கொடுக்கும் கம்பெனிகள் "பேரன்டல் விண்டோ" என்ற வசதியை, அதாவது பிள்ளைகளுக்கு ஆகாத தளங்களைப் பெற்றோரே அடைத்து வைக்கிற வசதியை, கொடுக்க வைக்க வேண்டும் என்பது மனுவின் கோரிக்கை. 2025 டிசம்பரில் நீதிமன்றம் அதில் உத்தரவு சொன்னது. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது என்ற சட்டம் அதே மாதம் 10-ம் தேதிதான் நடைமுறைக்கு வந்திருந்தது. அதுபோல ஒரு சட்டத்தை மத்திய அரசு யோசிக்கலாம், அதுவரை குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையங்கள் விழிப்புணர்வை மக்களிடம் கொண்டுபோக வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். பயன்படுத்துகிறவர் பக்கத்திலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும், அதில் பெற்றோருக்குப் பொறுப்பு அதிகம் என்பதும் அந்த உத்தரவில் உண்டு.

சட்டம் வரட்டும், வராமல் போகட்டும். அந்த "விண்டோ" மாதிரி ஒன்று ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கிறது. பத்து நிமிட வேலை. அதற்குப் பெயர் டிஎன்எஸ் வடிகட்டி.

முதலில் டிஎன்எஸ் என்றால் என்ன? உங்களில் பலருக்குச் சென்னை டெலிபோன்ஸ் டைரக்டரி ஞாபகம் இருக்கும். தலைகாணி சைஸில் இருக்கும். பெயரைத் தேடினால் நம்பர் கிடைக்கும். இன்டர்நெட்டிலும் அதே கதைதான். ஒவ்வொரு தளத்துக்கும் அடியில் ஒரு நம்பர் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அந்த நம்பர்தான் வேண்டும், நமக்குப் பெயர்தான் வாயில் வரும். நீங்கள் பெயரைத் தட்டியவுடன் உங்கள் போன் யாரோ ஒருவரிடம் "இந்தப் பெயருக்கு என்ன நம்பர்?" என்று கேட்கிறது. பதில் வந்த பிறகுதான் அந்தத் தளத்துக்கே போகிறது. ஆரம்ப காலத்தில் எல்லாப் பெயரும் ஒரே ஒரு கோப்பில் இருந்தது. கலிபோர்னியாவில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் அதைக் கையால் பராமரித்தார்கள். ஒரே லெட்ஜரில் ஊர்க் கணக்கு முழுவதையும் எழுதுகிற மாதிரி. தாங்கவில்லை. 1983-ல் பால் மொகபெட்ரிஸ் என்பவர் வேலையைப் பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார். இன்றைக்கும் ஓடுவது அதுதான்.

நீங்கள் ஒன்றும் செய்யாமல் விட்டால், "நம்பர் என்ன?" என்ற கேள்வி உங்களுக்கு நெட் கொடுக்கும் கம்பெனியிடம் போகும். ஆனால் அவரிடம்தான் கேட்க வேண்டும் என்று கட்டாயம் ஏதும் இல்லை. வேறு ஒருவரிடம் கேட்கச் சொல்லி ரூட்டரில் மாற்றிவிடலாம். அந்த வேறு ஒருவர், ஆகாத பெயர்களின் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்திருப்பவராக இருந்தால், அந்தப் பெயர் வரும்போது நம்பரைக் கொடுக்க மாட்டார். வங்கியில் ஸ்டாப் பேமென்ட் கொடுத்தால் லெட்ஜர் தாளின் தலைப்பில் சிவப்பு மையில் எழுதி வைப்போம். செக் வந்தால் கிளார்க் அதைப் பார்ப்பார். இருந்தால் பணம் போகாது. அவ்வளவுதான் இதில் உள்ள சூட்சுமம்.

இந்த வேலையை இலவசமாகச் செய்கிற சில பேரைச் சொல்கிறேன். நம்பர்களை நோட்டீஸ் போர்டிலும் ஒட்டியிருக்கிறோம்.

கிளவுட்ஃபிளேர் என்ற அமெரிக்க நிறுவனம் 2020 ஏப்ரல் 1 அன்று குடும்பங்களுக்கென்று ஒரு சேவையைத் தொடங்கியது. 1.1.1.3, துணைக்கு 1.0.0.3 என்று போட்டால் ஆபாசத் தளங்களும், வைரஸ் பரப்புகிற தளங்களும் அடைபடும். 1.1.1.2, 1.0.0.2 என்று போட்டால் வைரஸ், மோசடித் தளங்கள் மட்டும். பெரியவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இரண்டாவது போதும். ஓபன்டிஎன்எஸ் இதைவிடப் பழைய கை. 2015-ல் சிஸ்கோ அதை வாங்கியது. அவர்களுடைய ஃபேமிலி ஷீல்டுக்கு 208.67.222.123, 208.67.220.123. கிளீன்பிரௌசிங் என்று ஒன்று இருக்கிறது, அதன் ஃபேமிலி ஃபில்டர் 185.228.168.168, 185.228.169.168. மூன்றில் இதுதான் கண்டிப்பான வாத்தியார். கூகுள், யூடியூப் இரண்டையும் பாதுகாப்புத் தேடலுக்கு மாற்றிவிடும், விபிஎன் தளங்களையும் அடைக்கும், நல்லதும் கெட்டதும் கலந்திருக்கிற ரெடிட் மாதிரியான தளங்களையும் மூடிவிடும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நல்லது. கல்லூரி போகிற பையன் இருக்கிற வீட்டில் மறுநாளே சண்டை வரும்.

எதற்கும் பணம் இல்லை, பெயர் பதிவு இல்லை, ஓடிபி இல்லை. "இலவசம் என்றால் சந்தேகமாக இருக்கிறதே" என்று பி பிளாக்கில் ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். நாம் எந்தத் தளத்தின் பெயரைக் கேட்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும். உள்ளே என்ன படித்தோம், என்ன பாஸ்வேர்டு போட்டோம் என்பது தெரியாது. இன்றைக்கு அதே பெயர்கள் நெட் கம்பெனிக்குத் தெரிகின்றன. தெரிகிறவர்களில் இன்னொருவர் சேர்கிறார், அவ்வளவே. இலவசம் என்பதால் இன்னொன்றும் உண்டு: ஒருநாள் நிறுத்திவிடலாம். நார்ட்டன் கம்பெனி இப்படி நடத்தி வந்த ஓர் இலவச சேவையை 2018 நவம்பரில் மூடிவிட்டது. 2024-ல் நீதிமன்ற உத்தரவு ஒன்று வந்ததும் ஓபன்டிஎன்எஸ் பிரான்ஸ் நாட்டில் சேவையை நிறுத்திக்கொண்டது. அதனால் மாற்று நம்பர் ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாற்றுவது எப்படி என்று பார்ப்போம். ரூட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற மாதிரி ஒரு முகவரி, யூசர் நேம், பாஸ்வேர்டு இருக்கும். வைஃபையில் இருந்தபடியே போன் பிரௌசரில் அந்த முகவரியைத் தட்டினால் ரூட்டரின் பக்கம் திறக்கும். டிஎன்எஸ் என்ற சொல்லைத் தேடுங்கள். பெரும்பாலும் இன்டர்நெட் அல்லது டிஹெச்சிபி என்ற தலைப்பின் கீழ் இருக்கும். பிரைமரி, செகண்டரி என்று இரண்டு கட்டம். இரண்டிலும் நம்பரைப் போட்டு சேவ் செய்து, ரூட்டரை ஒரு தடவை அணைத்துப் போடுங்கள். அந்த வைஃபையில் உள்ள போன், லேப்டாப், டிவி எல்லாவற்றுக்கும் சேர்த்து வேலை முடிந்தது. உள்ளே போன கையோடு ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். அந்த ஸ்டிக்கரைப் பிள்ளைகளுக்கும் படிக்கத் தெரியும்.

இதில் மூன்று நான்கு இடத்தில் கால் வழுக்கும். பலபேர் முதல் கட்டத்தில் 1.1.1.3 போட்டுவிட்டு, "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டாவது கட்டத்தில் கூகுளின் 8.8.8.8-ஐப் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் வடிகட்டி ஓட்டை. இரண்டாவது கட்டம், முதலாமவர் லீவு போட்டால் மட்டும் வருகிற ஆள் என்று நினைக்கிறோம். நிஜத்தில் பல கருவிகள் இரண்டு பேரிடமும் கேட்கும். 8.8.8.8 எதையும் தடுக்காது. இரண்டு கட்டத்திலும் ஒரே கடைச் சரக்குதான் இருக்க வேண்டும். அடுத்தது ஐபிவி6. இப்போது பல இணைப்புகளில் பழைய முகவரி முறையோடு இந்தப் புதிய முறையும் சேர்ந்தே வருகிறது. அதற்கு டிஎன்எஸ் கட்டம் தனி. பழையதை மட்டும் மாற்றினால் போன் புதிய வழியில் கேட்டுக்கொண்டு போய்விடும். "மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லையே" என்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள். அந்த முகவரி நீளம், நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. சில கம்பெனிகள் கொடுக்கிற ரூட்டரில் டிஎன்எஸ் கட்டத்தையே பூட்டி வைத்திருப்பார்கள். அந்த வீடுகளில் ஒவ்வொரு கருவியிலும் தனியாக மாற்ற வேண்டியதுதான்.

ஆண்ட்ராய்டு போனில் அது சுலபம். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் "பிரைவேட் டிஎன்எஸ்" என்று இருக்கும். அங்கே நம்பர் போட்டால் ஏற்காது, பெயர்தான் போட வேண்டும். கிளவுட்ஃபிளேர் குடும்பச் சேவைக்கு என்ன பெயர் என்பது போர்டில் ஆங்கில எழுத்தில் இருக்கிறது, ஒரு புள்ளி, ஒரு கோடு விடாமல் அப்படியே தட்டுங்கள். இதில் ஒரு பெரிய லாபம் உண்டு. ரூட்டரில் போட்டது வீட்டு வைஃபைக்கு மட்டும்தான் செல்லும். போனில் போட்டது மொபைல் டேட்டாவிலும் கூடவே வரும், அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் நின்றாலும் சரி, பூந்தமல்லியில் டியூஷனுக்குப் போனாலும் சரி. ஐபோனில் வைஃபை பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன வட்டத்தைத் தொட்டால் "கான்ஃபிகர் டிஎன்எஸ்" வரும். அது அந்த ஒரு வைஃபைக்கு மட்டும்தான் பொருந்தும்.

அடைபட்ட தளத்தைத் திறந்தால் "இந்தத் தளம் தடை செய்யப்பட்டது" என்று மரியாதையாகப் பலகை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் தளம் திறக்கவில்லை என்ற வெறும் எர்ரர்தான் வரும். நெட் போய்விட்டது என்று கேபிள்காரருக்குப் போன் போடுவதற்கு முன்னால் வேறு ஒரு தளம் திறக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது இது எதைச் செய்யாது என்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் நான் விளம்பரம் செய்துவிட்டுப் போனதாக ஆகிவிடும். டிஎன்எஸ் வடிகட்டிக்குக் கட்டடத்தின் பெயர் தெரியும், உள்ளே எந்த அறைக்குப் போனீர்கள் என்று தெரியாது. யூடியூபில் நல்லதும் இருக்கிறது, ஆகாததும் இருக்கிறது. இரண்டும் அதற்கு ஒரே பெயர். வாட்ஸ்அப் குரூப்பில் வருகிற வீடியோவை அது பார்க்கவே பார்க்காது. இன்ஸ்டாகிராம் அப்படியே. அவற்றுக்கு அந்தந்த ஆப்பின் அமைப்புகளையும், கூகுளின் ஃபேமிலி லிங்க் மாதிரியானவற்றையும்தான் நாட வேண்டும். பையன் விபிஎன் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டாலோ, நண்பனின் ஹாட்ஸ்பாட்டைப் பிடித்தாலோ உங்கள் ரூட்டருக்கு விஷயமே தெரியாது. எட்டாம் வகுப்புக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு இது எல்லாம் தெரியும். நமக்குத்தான் லேட்டாகத் தெரிகிறது. தெரியாமல் கை தவறி எதையோ தொட்டு, பார்க்கக் கூடாததைப் பார்த்துப் பயந்துபோகிற சின்னப் பிள்ளைக்குத்தான் இந்த வடிகட்டி முக்கியம். தேடிப் போகிறவனை இது நிறுத்தாது. அவனோடு உட்கார்ந்து பேசத்தான் வேண்டும், அதை எந்த நம்பரும் நமக்குப் பதிலாகச் செய்யப் போவதில்லை.

மோசடித் தளமும் அப்படித்தான். பட்டியலில் ஏறியதை அது தடுக்கும். இன்று காலை புதிதாய் முளைத்த போலி வங்கித் தளம் பட்டியலில் ஏறுவதற்குள் நாலு பேர் மாட்டியிருப்பார்கள். இங்கே பழைய வங்கி ஊழியர் என்ற முறையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் ஓர் உத்தரவு போட்டது. அந்த வருடம் அக்டோபர் 31-க்குள் இணையதளப் பெயரை "டாட் பேங்க் டாட் இன்" என்று முடிகிற மாதிரி மாற்ற வேண்டும் என்று. அந்த முடிவு வங்கிகளுக்கு மட்டும்தான் கிடைக்கும், கண்டவர் வாங்க முடியாது. ஆகவே தளத்தின் பெயரைப் பின்னாலிருந்து படியுங்கள். வங்கியின் பெயர் முன்னால் எத்தனை தடவை வந்தாலும், முதல் சாய்கோட்டுக்கு முன்னால் பெயர் எப்படி முடிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதையும் மீறிப் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

பட்டியலை யார் எழுதுகிறார்கள் என்பதும் முக்கியம். 2015 ஜூலை 31 அன்று மத்திய தொலைத்தொடர்புத் துறை 857 தளங்களை முடக்கச் சொல்லி நெட் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. நகைச்சுவைத் தளம்கூட அதில் சிக்கியது. ஒரே வாரத்துக்குள் அந்த உத்தரவைத் தளர்த்திக்கொண்டார்கள். 2018-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் மறுபடி அமல்படுத்தச் சொன்னபோது சரிபார்த்தார்கள். 857-ல் 30 தளங்களில் ஆபாசம் எதுவுமே இல்லை என்று தெரிந்து, மீதி 827-ஐத்தான் முடக்கச் சொன்னார்கள். கிளவுட்ஃபிளேரும் 2020-ல் சேவையைத் தொடங்கியவுடனே தன்பாலின ஈர்ப்பாளர், திருநர் சமூகத்தினருக்கான தகவல் தளங்கள் சிலவற்றை அடைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுத் திருத்தியது. பட்டியல் என்று இருந்தால் பிழை இருக்கும். பிள்ளை "என் ப்ராஜெக்ட்டுக்கு வேண்டிய தளம் திறக்கவில்லை" என்று வந்து சொன்னால் "ஏன், அங்கே உனக்கு என்ன வேலை?" என்று ஆரம்பிக்காமல் முதலில் அதைத் திறந்து பாருங்கள்.

கடைசியாக நம் ரீடிங் ரூம். அந்தக் கனெக்‌ஷன் சங்கத்தின் பெயரில் இருக்கிறது. அதில் யாராவது சட்டவிரோதமாக ஏதாவது செய்தால் முதலில் கேள்வி வரப்போவது சங்கத்திடம்தான். இது வெறும் பேச்சு கிடையாது. குழந்தைகளைத் தவறாகக் காட்டும் படங்களை வைத்திருந்தது பற்றி 2020-ல் நம் அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பதிவான ஒரு வழக்கு, உச்ச நீதிமன்றம் வரை போனது. 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்து, அப்படிப்பட்ட படங்களை யாருக்கும் அனுப்பாமல் வைத்திருப்பதும் எப்படிப் போக்சோ சட்டத்துக்குள் வரும் என்று விளக்கமாகச் சொன்னது. ஊர் பூராவுக்கும் பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டி வைக்கிற நமக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே வடிகட்டி போடலாம், பாஸ்வேர்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம் என்பது என் யோசனை.

ஆனால் லிஸ்ட் எடுக்க வேண்டாம். ஓபன்டிஎன்எஸ்ஸில் கணக்குத் தொடங்கினால் எந்தெந்தத் தளம் கேட்கப்பட்டது என்ற விவரம் கிடைக்கும், அது உண்மைதான். அந்த வசதி இல்லாத, கணக்கே வேண்டாத 1.1.1.3-ஐத்தான் ரீடிங் ரூமுக்குச் சிபாரிசு செய்கிறேன், அதுவும் இந்தக் காரணத்துக்காகவே. 34 வருடத்தில் ஒருவர் பாஸ்புக்கை இன்னொருவருக்கு நான் காட்டியதில்லை. அண்ணன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தம்பி கேட்டு வருவார், புருஷன் கணக்கை மனைவி கேட்டு வருவார். இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன், திட்டு வாங்கியிருக்கிறேன். பதினாறு வயதுப் பெண் உடம்பு சம்பந்தமான ஒரு சந்தேகத்தை அம்மாவிடம் கேட்கக் கூச்சப்பட்டு அந்த அறையில் உட்கார்ந்து தேடுகிறாள் என்று வையுங்கள். அந்தத் தளத்தின் பெயர் கமிட்டி உறுப்பினர்களின் போனில் ஏன் இருக்க வேண்டும்? அடைப்பதை அடைப்போம், அடைத்திருக்கிறோம் என்று கதவில் எழுதியும் ஒட்டுவோம். வேவு பார்ப்பது சங்கத்தின் வேலை இல்லை. வீட்டுக்குள் போடுவதா வேண்டாமா என்பதும் அவரவர் விருப்பம். போட்டால் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

தீர்மானம் இரண்டு வரிதான், செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். பேசி முடிவு செய்யுங்கள். வீட்டு ரூட்டரில் மாற்ற உதவி வேண்டுமென்றால் அடுத்த இரண்டு சனிக்கிழமையும் மாலை 5 மணிக்கு ரீடிங் ரூமில் இருப்பேன், ஏ பிளாக்கிலிருந்து கல்லூரி படிக்கிற இரண்டு பிள்ளைகளும் கூட இருப்பார்கள். ரூட்டரைக் கழற்றிக்கொண்டு வராதீர்கள். அடியில் உள்ள ஸ்டிக்கரை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள். அந்தப் போட்டோவை அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டுவிடவும் வேண்டாம், அதில் பாஸ்வேர்டு இருக்கிறது.